1954இல் முடியவில்லை

சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் நடுவருக்கு ஆதரவாகப் போட்ட குரல்பதிவைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும்: பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பாதியில் உட்காரச் சொன்னோம். நான் அந்தப் பெண்ணின் மதிப்பெண் தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "தவறான தகவல்" என்று எழுதி ஐந்து மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.

அவள் சொன்னதில் தவறு இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தன் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) பள்ளிக் கதையைத் தமிழில் சொன்னாள். 1968 வரைக்கும் எங்கள் ஊரில் கறுப்பருக்கு ஒரு பள்ளி, வெள்ளையருக்கு ஒரு பள்ளி என்றாள். பள்ளிகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பு 1954லேயே வந்துவிட்டதே, அதோடு முடிந்ததே என்பது நடுவரின் வாதம். ஐயா, 1954இல் தீர்ப்புதான் வந்தது. முடியவில்லை.

ரிச்மண்டிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் போனால் அவளுடைய கவுண்டி, நியூ கென்ட். அறுபதுகளில் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் கவுண்டி முழுக்கக் கலந்துதான் குடியிருந்தார்கள். ஆனால் வெள்ளையருக்கு நியூ கென்ட் பள்ளி, கறுப்பருக்கு ஜார்ஜ் வாட்கின்ஸ் பள்ளி. மொத்தமே 1,300 பிள்ளைகள்தான். அவர்களை ஏற்றிப் போக 21 பேருந்துகள், 11 வாட்கின்ஸுக்கு, 10 நியூ கென்டுக்கு. ஒரே சாலையில் ஒரு பேருந்து வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், இன்னொன்று கறுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதற்கு இவ்வளவு எரிபொருள், இவ்வளவு ஓட்டுநர்கள். தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு பிள்ளைகூட இங்கிருந்து அங்கே மாறவில்லை.

1965இல் கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இப்படிப் பிரித்தே வைத்திருந்தால் மத்திய அரசின் பணமும் நின்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் பள்ளி வாரியம் "விருப்பத் தேர்வு" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எந்தப் பள்ளி வேண்டுமோ நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றது. மூன்று ஆண்டுகளில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூட வாட்கின்ஸைக் கேட்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் 115 பேர் நியூ கென்டுக்குப் போனார்கள். நூற்றுக்கு 85 பேர் பழைய பள்ளியிலேயே இருந்தார்கள்.

"கதவைத் திறந்துதானே வைத்தார்கள், வராதது யார் குற்றம்?" என்று குரல்பதிவில் கேட்கிறார் அந்த அண்ணன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கூலி கொடுப்பவர் வெள்ளையர், கடன் கொடுக்கும் வங்கி வெள்ளையருடையது. அவர் எழுதிக் கொடுக்கும் காகிதத்தை நாளைக்கு யார் யார் பார்ப்பார்கள்? 115 பேர் போனதே பெரிய துணிச்சல். 1968 மே 27 அன்று, அந்தப் பெற்றோர் போட்ட கிரீன் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இரட்டைப் பள்ளி முறையை வேரோடும் கிளையோடும் எடுக்க வேண்டியது வாரியத்தின் கடமை, அந்தச் சுமையைப் பிள்ளைகள் தலையிலும் பெற்றோர் தலையிலும் இறக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகுதான் வாட்கின்ஸ் எல்லோருக்கும் தொடக்கப் பள்ளி, நியூ கென்ட் எல்லோருக்கும் உயர்நிலைப் பள்ளி என்று ஆனது. இவ்வளவு எளிய மாற்றம். இதற்குப் பதினான்கு ஆண்டுகள். அந்தப் பெண் சொன்னதும் இவ்வளவுதான்.

"பழைய கதையை ஏன் கிளற வேண்டும்?" என்கிறார்கள். எனக்கு அது பழைய கதை இல்லை.

2006இல் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு மென்பொருள் போடப் போயிருந்தேன். அங்கே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆயிரக்கணக்கான பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று மனப்பாடமாகச் சொல்வார். கணினியை மட்டும் தொட மாட்டார். எத்தனை முறை கேட்டாலும் நாளைக்கு என்பார். புதியதைக் கற்க மறுக்கிறார் என்று மேலாளருக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த வாரம் மதிய உணவு இடைவேளையில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். அவர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிக்காரர், அதுவும் வர்ஜீனியாதான். இரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் பள்ளியை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தபோது அப்பாவோடு புகையிலை வயலில் இருந்தார், போகவில்லை. திரையில் இருப்பதை அவரால் வாசிக்க முடியாது. அந்த மின்னஞ்சலை நான் திரும்ப வாங்கவே முடியவில்லை.

பிரின்ஸ் எட்வர்டில் நடந்ததை நம்மில் பலர் அறிய மாட்டார்கள். வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், 1959இல் கவுண்டி தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. ஐந்து ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே வந்துவிட்டது, கட்டணத்துக்கு மாநிலத்தின் உதவிப் பணமும் வந்தது. கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். சிலரை உறவினர் வீடுகளுக்கு, வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். 1963இல்தான் தற்காலிக இலவசப் பள்ளிகள் வந்தன. பொதுப் பள்ளிகளைத் திறக்க வைக்க 1964இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. அதுவும் 1954க்குப் பிறகுதான்.

"நாம் மட்டும் யார் உதவியும் இல்லாமல் படித்து முன்னேறவில்லையா?" என்றும் அந்த அண்ணன் கேட்கிறார். இல்லை. அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டம் வராமல் இருந்தால் அவரும் நானும் இங்கே கால் வைத்திருக்க மாட்டோம். அந்தச் சட்டம் யாருடைய போராட்டத்தின் சூட்டில் வந்தது? தெருவில் இறங்கி அடிபட்டவர்கள் யார்? அந்தக் கறுப்பின மக்கள் திறந்த கதவு வழியாக நாம் பெட்டியோடு உள்ளே வந்தோம். வந்து உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு என்ன குறை என்று அவர்களையே கேட்கிறோம்.

முதலில் நம் ஊரைப் பேசு என்பார்கள். பேசுகிறேன், பேசியும் இருக்கிறேன். அந்தப் பிள்ளை தான் பிறந்த ஊரைப் பற்றிப் பேசினாள், அவளுக்கு அதுதான் சொந்த ஊர்.

சரி, நானும் வீடு வாங்கும்போது பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை என்று போடும் மதிப்பீட்டு எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். எட்டுக்குக் கீழே இருந்த இடங்களை மனைவியும் நானும் போய்ப் பார்க்கவே இல்லை. அந்தப் பள்ளிகளில் யாருடைய பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. "விருப்பத் தேர்வு" திட்டத்துக்கு அந்த அண்ணன் பரிந்து பேசியபோது எனக்குச் சுருக்கென்றது இதனால்தான்.

பிரின்ஸ் எட்வர்டின் மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தபோது அவளுக்குப் பதினாறு வயது. 180 பேருக்குக் கட்டிய பள்ளியில் 450 பேருக்கு மேல், தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகளில் பாடம். கேட்டுக் கேட்டுப் பெரியவர்கள் ஓய்ந்துபோன இடத்தில் அவள் மேடையேறிப் பேசினாள். அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்த வழக்குதான் பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று. நடுவர் மேற்கோள் காட்டிய அதே தீர்ப்பு.

நம் மேடையில் ஏறியவளுக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. பாதியில் உட்காரச் சொன்னோம். அவள் அழவில்லை, காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோப்பை எல்லாம் வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன் அந்தத் தாளில் "தவறான தகவல்" என்று எழுதியதை அடித்து, பக்கத்தில் நடுவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.