14ஐ விட்டுவிட்டு 53ஐப் பாருங்கள்

அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ, 14 வாரம் நம்பர் ஒன்" என்று சொல்லிவிடுகிறார். உடனே இன்னொருவர், "அது கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் எழுதிய பாட்டு, விட்னி பாட்டே இல்லை" என்று வருவார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் விட்னி என்ன சாதித்தார் என்பது இரண்டிலும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த 14ஐயே முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு வாராவாரம் வெளியிடும் ஹாட் 100 என்ற பாட்டுப் பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேலாக எந்தப் பாட்டும் முதலிடத்தில் 10 வாரத்தைத் தாண்டவில்லை. 1977இல் டெபி பூன் 10 வாரம், 1981-82இல் ஒலிவியா நியூட்டன்-ஜான் 10 வாரம், அவ்வளவுதான். பீட்டில்ஸே 9 வாரத்தோடு நின்றுவிட்டார்கள். பிறகு 1992இல் பாய்ஸ் டு மென் குழுவின் ஒரு பாட்டு 13 வாரம் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விட்னி முதலிடம் ஏறி 14 வாரம் அசையவில்லை. 1994இல் அதே குழு மறுபடி 14. அடுத்த வருடக் கடைசியில் மரியா கேரியும் அவர்களும் சேர்ந்து பாடியது 16.

முப்பது வருடம் யாராலும் தொட முடியாத எல்லை நாலே வருடத்தில் இத்தனை முறை தாண்டப்படுகிறது. ரசிகர்கள் திடீரென்று மாறிவிட்டார்களா? இல்லை, கணக்கு எடுக்கும் விதம் மாறியது.

1991 வரைக்கும் பில்போர்டு கடைகளுக்குப் போன் போட்டு எது நன்றாக விற்கிறது என்று கேட்கும். கடைக்காரர் வரிசைப்படுத்திச் சொல்வார். வானொலி நிலையங்களும் தாங்கள் போடும் பாட்டுகளின் பட்டியலைத் தாங்களே எழுதிக் கொடுக்கும். போன மாதப் பாட்டு இன்னும் விற்றுக்கொண்டிருந்தாலும், புதுப் பாட்டை மேலே சொல்ல எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. ரெக்கார்டு கம்பெனிகளின் உபசரிப்பும் அதில் சேர்த்தி. 1991 நவம்பர் கடைசியிலிருந்து இது மாறியது. விற்பனைக் கணக்கு பில் போடும் இடத்தில் ஸ்கேன் ஆகும் பார்கோடிலிருந்து வந்தது. வானொலியில் என்ன ஓடுகிறது என்பதைக் கணினி கேட்டுக் குறித்தது. ஜனங்கள் பிடித்த பாட்டை எத்தனை மாதம் விடாமல் வாங்குவார்கள், கேட்பார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

அதனால் 1992இன் 14ஐ 1977இன் 10க்குப் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வதில் நியாயமே இல்லை.

சரி, அப்படியானால் விட்னியின் சாதனையை எதை வைத்து அளப்பது? 53ஐ வைத்து.

டாலி இந்தப் பாட்டை எழுதியது 1973இல். தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியை விட்டுத் தனியே போக முடிவெடுத்தபோது, விடை சொல்வதற்காக எழுதினார். 1974இல், அமெரிக்க கிராமிய இசையான கன்ட்ரிக்கென்று தனியாக இருக்கும் பட்டியலில் முதலிடம். எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார், அவருடைய மேனேஜர் பதிப்புரிமையில் பாதி கேட்டார், டாலி மறுத்துவிட்டார். அந்தக் காலத்தில் எல்விஸுக்கே முடியாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்புறம் 1982இல், பர்ட் ரேனால்ட்ஸுடன் நாயகியாக நடித்த படத்துக்காக டாலியே மறுபடி பாடினார். கன்ட்ரி பட்டியலில் மறுபடியும் முதலிடம். ஒரே பாட்டை அந்தப் பட்டியலில் இரண்டு தடவை உச்சிக்குக் கொண்டுபோன முதல் ஆள் அவர்தான். ஆனால் எல்லா வகைப் பாட்டும் மோதும் ஹாட் 100இல் அந்த 1982 பதிவு எட்டிய உயரம் 53.

விட்னி இந்தப் பாட்டைப் பாடியது, தானே நாயகியாக நடித்த தி பாடிகார்ட் படத்துக்காக. "அந்தப் படம் ஓடியது, அதனால் பாட்டும் ஓடியது" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். 1982இலும் படம் இருந்தது, படமும் நன்றாகவே ஓடியது, பாடியவரே நாயகி, அதே பாட்டு. வந்தது 53. பத்து வருடம் கழித்து விட்னியின் பதிவு 40இல் நுழைந்து, அடுத்த வாரம் 12, அதற்கடுத்த வாரம் 1.

இத்தனைக்கும் அந்தப் பதிவு வானொலிக்குத் தோதானதே இல்லை. முதல் முக்கால் நிமிடம் வெறும் குரல்தான், ஒரு வாத்தியம் கிடையாது. அப்படி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர். இசைக்கோர்ப்பு செய்து தயாரித்த டேவிட் ஃபாஸ்டர், இதே பாட்டைப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் பாடிய 1975 பதிவை வைத்துத்தான் வேலையைத் தொடங்கியிருந்தார். அதில் கடைசிச் சரணம் இல்லை என்று சொல்லி, போனிலேயே வரிகளைக் கொடுத்தவர் டாலி. டாலியா விட்னியா என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கடைசிப் பல்லவிக்கு முன்னால் வரும் இடத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எல்லாம் நின்றுவிடும். ஒரே ஒரு டிரம் அடி விழும். சுருதி ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறியிருக்க, விட்னி முதல் எழுத்திலேயே முழுக் குரலோடு உள்ளே வருவார். டாலி அமைதியாகச் சொன்ன விடையை இவர் உலகத்துக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் 53ஐ 1 ஆக்கியது இந்தக் குரல்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

பட்டியல் கதை அங்கேயும் நிற்கவில்லை. 2012 பிப்ரவரி 11இல் விட்னி இறந்தார். இருபது வருடப் பழைய பாட்டு ஹாட் 100இல் 7ஆம் இடத்தில் திரும்ப நுழைந்தது, அடுத்த வாரம் 3க்குப் போனது. அப்போது புதுப் படம் இல்லை, விளம்பரம் இல்லை, கேசட்டும் இல்லை. ஜனங்கள் அவரவர் கணினியிலும் போனிலும் காசு கொடுத்து டவுன்லோடு செய்து கேட்டார்கள். பாட்டு வந்த வருடம் பிறந்தே இராதவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.