ரசீதில் மட்டும் இருக்கும் ஸ்டேட்டிக் ஐபி

"உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து இன்று காலையும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. எதுவும் தீர்க்கப்படவில்லை. எங்கள் அலுவலக இணைப்பில் உள்ளிருந்து வெளியே எல்லாம் போகிறது, வெளியிலிருந்து உள்ளே ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துணுக்கு கூட வருவதில்லை. வெளியூரில் இருப்பவர் இணையம் வழியே பூட்டிய சுரங்கப்பாதை போல அலுவலகத்துக்குள் வர உதவும் விபிஎன் சர்வரைச் சொந்தமாக வைத்து நடத்துகிற எவருக்கும் இந்த ஒரு வரியே போதும், மீதியை நான் சொல்லாமலேயே வயிறு எரியும். ஆனாலும் முழுவதையும் சொல்லித்தான் தீருவேன். ஏனென்றால் இந்தப் புகாரை மூடியவர்களில் ஒருவர் கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

கோவையில் பம்பு உதிரிபாகங்களை வார்த்துத் தரும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த வரைபடங்கள், டேலி கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரில்தான் உள்ளன, வெளியிலிருந்து அவற்றைத் தொடுவதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் ஒன்றே வழி. அதை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 கெர்னலிலேயே (மையப் பகுதியிலேயே) சேர்த்துக்கொள்ளப்பட்ட மென்பொருள் அது; நிரல் ஏறத்தாழ 4,000 வரிகள்தான் என்பதால் படித்துச் சரிபார்க்க முடிகிறது. அதில் திருடுவதற்குக் கடவுச்சொல்லே கிடையாது, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிச் சாவி இருக்கிறது, ஒரு மடிக்கணினி தொலைந்தால் அதன் சாவியை மட்டும் சர்வரிலிருந்து நீக்கிவிட்டால் போதும். சாவி இல்லாதவர் எத்தனை முறை தட்டினாலும் அது பதிலே சொல்லாது என்பதால், இணையத்தைத் துழாவிக்கொண்டு திரிகிறவர்களின் கண்ணுக்கு அப்படி ஒரு சர்வர் இருப்பதே தெரியாது. எங்கள் பொருள், எங்கள் சர்வர், எங்கள் சாவி. ஒரு நிறுவனம் இதற்கு ஆசைப்படுவதில் என்ன குற்றம் இருக்கிறது?

இதற்கு வெளியிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாறாத, வெளியுலகத்துக்குத் தெரிகிற ஒரு ஐபி முகவரி. அதற்காகத்தான் வீட்டு இணைப்பைவிடப் பல மடங்கு விலையுள்ள வணிக இணைப்பை வாங்கினோம். ஒவ்வொரு மாத ரசீதிலும் "ஸ்டேட்டிக் ஐபி" என்று தனி வரி போட்டு, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த மாதம் 20ஆம் தேதிக்கு முந்தைய இரவில் கணக்குப் பிரிவு அக்கா என்னை அழைத்தார். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தம் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் கோபிச்செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு வேலை செய்கிறார். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்குத் தாமதக் கட்டணமும் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் விழும் என்பதைக் கணக்கு எழுதுகிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. "பச்சையாத்தான் தம்பி காட்டுது, ஆனா டேலி திறக்க மாட்டேங்குதுங்க" என்றார். வயர்கார்ட் செயலியில் பொத்தானைத் தள்ளியவுடனே பச்சை வந்துவிடும், மறுமுனை பதில் சொன்னதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. பதிவேட்டைப் படிக்கச் சொன்னேன். 5 நொடிக்குள் ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது) முடியவில்லை, மீண்டும் முயல்கிறது என்ற வரியே மேலிருந்து கீழ்வரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்திலேயே அலுவலகத்துக்குப் போய் சர்வரின் முன் உட்கார்ந்து, வயர்கார்ட் காத்திருக்கும் வாசலான 51820 என்ற போர்ட்டுக்கு என்ன வருகிறது என்று கண்காணித்தேன். அக்கா அங்கே திரும்பத் திரும்ப இணைத்துப் பார்க்கிறார், இங்கே ஒரு பாக்கெட்டும் வந்து சேரவில்லை. ரவுட்டரைத் திறந்து வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன். ரசீதில் எழுதியிருக்கும் எங்கள் முகவரி அங்கே இல்லை. அதற்குப் பதிலாக 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் ஏதோ ஒரு முகவரி உட்கார்ந்திருந்தது. அந்த வரிசை எதற்கென்று 2012இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6598 என்ற இணைய விதிமுறை ஆவணம் தெளிவாகச் சொல்கிறது: இணைப்பு நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைப்பதற்கு. அதன் பெயர் சிஜிநாட். ஒரு தெரு முழுவதற்கும் ஒரே கதவிலக்கம் கொடுத்துவிட்டது போன்ற ஏற்பாடு அது. வீட்டிலிருந்து கடிதம் எழுதினால் பதில் வந்து சேரும், ஆனால் வெளியூரிலிருந்து முதல் கடிதம் போடுகிறவருக்கு அது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுத வழியே இல்லை. அந்த வாரத்தில்தான் ஃபைபர் அறுந்துபோய், அதைச் சரிசெய்ய வந்தவர்கள் மோடத்தையும் மாற்றியிருந்தார்கள். மாற்றியபோது எங்கள் கணக்கைச் சாதாரண வீட்டு இணைப்புகளின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரணம் கையில் கிடைத்துவிட்டது, ஆதாரமும் இருந்தது. அந்த நிறுவனத்தில் ஒருவர் கணினியில் ஓர் இடத்தைத் திருத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. அந்த நம்பிக்கையோடு கஸ்டமர் கேரை அழைத்தேன்.

முதலில் பேசியவர் இணையம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். அப்படியென்றால் பிரச்சினை இல்லையே சார் என்றார். வெளியே போகிறது, உள்ளே வரவில்லை, எங்களுக்குத் தர வேண்டிய ஸ்டேட்டிக் ஐபி மாறிப்போய்விட்டது என்று நிதானமாக விளக்கினேன். யூடியூப் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். மோடத்தை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். இதனால் ஐபி மாறாது என்றேன். அணைத்துப் போட்டால்தான் தம்மால் அடுத்த படிக்குப் போக முடியும் என்றார். அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு எரிகிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு விளக்காகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வேகத்தைச் சோதித்து எண்ணைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உங்கள் திட்டத்துக்குரிய வேகம் சரியாக வருகிறது சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார். நான் கேட்ட உதவியையே இன்னும் செய்யவில்லை என்றபோது, அழைப்பை மேலதிகாரிக்கு மாற்றுவதாகச் சொல்லி அவர்களுடைய புதிய திட்டத்தின் விளம்பரத்தைக் காதில் ஓடவிட்டார்.

மேலதிகாரி வந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். விபிஎன் என்ற வார்த்தை காதில் விழுந்தவுடன் அவருடைய குரல் மாறிவிட்டது. விபிஎன் பயன்படுத்துவது அரசு விதிக்கு எதிரானது சார், அதனால்தான் தடையாகியிருக்கும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இந்த நாட்டில் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக விபிஎன் நடத்துவது எந்த விதிக்கும் எதிரானதல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் தமக்கென வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கமும் கொடுத்துவிட்டார்கள். இணைப்பை விற்றுப் பிழைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இரவில் வேலை முடங்கி நிற்கும் ஒருவனிடம் நீ சட்டவிரோதமாக ஏதோ செய்கிறாய் என்ற தொனியில் பேசுவதற்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

ரசீதைப் படித்துக் காட்டினேன். தம்முடைய திரையிலும் ஸ்டேட்டிக் ஐபி இருப்பதாகத்தான் காட்டுகிறது என்றார். திரையில் இருக்கிறது, ரவுட்டரில் இல்லை என்றேன். திரையில் இருந்தால் இருக்கிறது என்றுதான் அர்த்தம் சார் என்றார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பேச முடியும்?

அடுத்த நாள் மாலையில் ஓர் இளைஞர் பைக்கில் வந்தார். மோடத்தின் விளக்குகளைப் பார்த்தார், கைபேசியில் வேகத்தைச் சோதித்தார், புகாரை முடிக்க ஓடிபி கேட்டார். ஒன்றும் சரியாகவில்லையே என்றேன். "ஐபி எல்லாம் மெயின் ஆபீஸ்ல பண்றது அண்ணா, எனக்கு அதுக்கு வழியே கெடையாது, இன்னைக்குள்ள முடிக்கலன்னா எனக்குத்தான் காசு பிடிப்பாங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத முகம். ஐபியை மாற்றக்கூடியவர் யாரோ ஒருவர் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்க, விளக்கைப் பார்ப்பதைத் தவிர எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரை வெயிலில் அனுப்பி, அவருடைய கூலியைப் பிணையாக வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். நான் ஓடிபி கொடுக்கவில்லை. அப்படியும் புகார் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது.

இதற்கிடையில் அன்று காலையிலேயே அக்கா தாயாரைப் பக்கத்து வீட்டாரின் பொறுப்பில் விட்டுவிட்டு, முதல் பேருந்தைப் பிடித்து அலுவலகத்துக்கு வந்து கணக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் போனார். இதற்கு யார் நஷ்டஈடு தருவார்கள்? இந்த மாத ரசீதிலும் அந்த வரி அப்படியே இருக்கும்.

இன்னொரு பக்கம் முதலாளிக்கு வேண்டிய கணினிக் கடைக்காரர் வந்து அறிவுரை சொன்னார். விபிஎன் எல்லாம் தலைவலி, ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் எங்கிருந்து வேண்டுமானாலும் ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது அலுவலகக் கணினியின் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் வசதியில், வந்துவிடலாம் என்றார். சிஜிநாட்டுக்குப் பின்னால் அந்தப் போர்ட்டும் எட்டாது என்பது கூட அவருக்குத் தெரியவில்லை. எட்டியிருந்தால் அதைவிடக் கேடு வேறில்லை. கடவுச்சொல்லே இல்லாமல் அந்த வழியாக உள்ளே நுழைய முடிகிற புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டது 2019 மே மாதத்தில். அதற்குப் பிறகும் அந்தப் போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கலாம் என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார். கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: 2021இல் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் முடங்கியதற்கு, இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமல் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கின் கடவுச்சொல் போதுமானதாக இருந்தது. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டவர்களிடமிருந்து மீள்வதற்கு அவர்கள் கொடுத்தது 44 லட்சம் டாலர். நாங்கள் அவ்வளவு பெரியவர்கள் இல்லைதான், ஆனால் எங்கள் வரைபடங்களும் கணக்கும் ஒரே நாளில் பூட்டப்பட்டால் வார்ப்பு உலையை மறுநாள் பற்றவைப்பதற்கு எங்களுக்கு நாதியில்லை.

ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துவிட்டன என்று சமாதானம் சொல்ல வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உலகம் முழுவதற்கும் இருந்தவை சுமார் 430 கோடிதான், கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன என்பது எனக்கும் தெரியும். முகவரி இல்லையென்றால் விற்காதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பற்றாக்குறையைக் காரணம் காட்டாதீர்கள். தட்டுப்பாடே இல்லாத புதிய வகையான ஐபிவி6 என் கைபேசியில் வருகிறது, இத்தனை விலை கொடுக்கும் வணிக இணைப்பில் வரவில்லை. கேட்டால் அந்தத் திட்டத்தில் கிடையாது என்கிறார்கள்.

கடைசியில் நானே ஒரு வழி செய்ய வேண்டியதாயிற்று. மும்பையில் பொது முகவரியுள்ள சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அலுவலகத்து சர்வரே அதை நோக்கி வெளியே போய் இணைந்துகொள்ளும்படி அமைத்தேன். 25 நொடிக்கு ஒருமுறை ஒரு பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருந்தால் சிஜிநாட் அந்தப் பாதையை மூடாது. இத்தோடு விட்டிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அந்த வாடகை சர்வரையே நடுமையமாக வைத்தால் குறியாக்கம் அங்கே அவிழ்ந்து மறுபடியும் கட்டப்படும், எங்கள் கணக்கு முழுவதும் வேறொருவருடைய இயந்திரத்தின் நினைவகத்தில் திறந்த நிலையில் கடந்து போகும். இதைத் தவிர்க்கத்தானே சொந்த விபிஎன்னே வைத்தோம்! எனவே மும்பை சர்வர் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிட, உள் சுரங்கம் கோவையில்தான் திறக்கும்படி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுரங்கங்கள் போட்டேன். இரண்டு அடுக்கானதால் வழக்கமான 1420 என்ற எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, ஒத்துவரவில்லை. பிங் என்ற சிறு சோதனைப் பாக்கெட் போகிறது, பெரிய வரைபடம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. அதை 1340 ஆகக் குறைத்த பிறகுதான் சரியானது. இப்போது கோபியிலிருந்து கோவைக்கு வரும் ஒவ்வொரு டேலி வரியும் மும்பைக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஒவ்வொரு விசைக்கும் திரை ஒரு கணம் யோசிக்கிறது, அக்கா அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வதில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அலுவலகத்தில் எல்லோரும் "விபிஎன் சரியில்லை" என்றே பேசிக்கொள்கிறார்கள். விபிஎன் சரியாகத்தான் இருக்கிறது, முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதை முதலாளியிடம் வெளிப்பக்க முகவரியையும் ரசீதையும் அருகருகே வைத்துக் காட்டிப் புரியவைத்துவிட்டேன்.

தொலைத்தொடர்புப் புகார்களுக்காக ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, புகார் மையத்தில் தீராத குறையை அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் கொண்டுபோகலாம். இன்று மதியம் கொண்டுபோய்விட்டேன். ரவுட்டரின் படம், ஒரு பாக்கெட்டும் வந்து சேராத கண்காணிப்புப் பதிவு, ஓடிபி தராமலே மூடப்பட்ட புகார்களின் எண்கள், மாதாமாதம் 18 சதவீத வரியோடு கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். கேட்டிருப்பவை மூன்று: எங்கள் முகவரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது இல்லாத நாட்களுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், இனிமேல் எங்கள் இணைப்பில் கை வைப்பதற்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி இன்னொரு முறை யாராவது அழைத்தால் அந்த அழைப்பையும் பதிவு செய்து அதே மனுவோடு சேர்ப்பேன்.