போஸ்ட் டாக் முடித்தவருக்கு வகுப்பெடுக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

போஸ்ட் டாக் என்றால் பிஎச்.டி. முடித்த பிறகும் சில வருடம் ஃபெல்லோஷிப்பில் ஆராய்ச்சி செய்பவர். உதவிப் பேராசிரியர் வேலைக்கு வரும் போஸ்ட் டாக்குகளிடம் தேர்வுக் குழு என்ன கேட்கும் என்பது கல்லூரி, ஆராய்ச்சிப் பக்கம் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேப்பர், எந்த ஜர்னல், அந்த பேப்பர்களை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய சைட்டேஷன் எவ்வளவு, புராஜெக்ட் கொண்டுவர முடியுமா. கடைசியில் பேருக்கு ஒரு டெமோ கிளாஸ். வந்தவர் தன் கான்ஃபரன்ஸ் ஸ்லைடுகளையே கொஞ்சம் நிதானமாக ஓட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வேலை கிடைத்த அடுத்த மாதமே அறுபது பேர் கொண்ட முதலாம் ஆண்டு வகுப்பு அவர் தலையில்.

பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்க பி.எட். கேட்கிறோம். அதே மாணவர் மூன்று மாதம் கழித்துக் கல்லூரிக்குப் போனால், அங்கே நிற்பவருக்குக் கற்பித்தலில் ஒரு மணி நேரப் பயிற்சிகூடத் தேவையில்லை. பிஎச்.டி.யில் ஐந்தாறு வருடம், போஸ்ட் டாக்கில் இரண்டு மூன்று வருடம் போகிறது. ஒரு பாடத்தை எப்படிப் பிரிப்பது, மனப்பாடம் செய்து எழுத முடியாத கேள்வியை எப்படி எடுப்பது என்று அத்தனை வருடத்தில் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். அறிவியல், பொறியியல் போஸ்ட் டாக் ஃபெல்லோஷிப்பில் கால் பங்கு நேரம் கற்பித்தலுக்கு என்று விதியிலேயே எழுதி வைக்க வேண்டும். அதுவும் ஆராய்ச்சி நடக்கும் பெரிய நிறுவனத்தில் அல்ல, பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., ஐரக்டா என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைப் பல பல்கலைக்கழகங்களில் நடத்தியிருக்கிறது. 75 சதவீதம் ஆராய்ச்சி, 25 சதவீதம் கற்பித்தல். அட்லாண்டாவில் இருக்கும் எமரி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட் டாக்குக்கு லேப் எமரியில். வகுப்பு அதே ஊரில் உள்ள ஸ்பெல்மன், மோர்ஹவுஸ், கிளார்க் அட்லாண்டா போன்ற கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளில். முதலில் கற்பித்தல் பற்றிய பயிற்சி, அப்புறம் அந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு வகுப்பு. லேப்புக்கு ஒரு வழிகாட்டி இருப்பதுபோல வகுப்பறைக்கும் ஒருவர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பணம் வரும் வழி. சம்பளம் கைடின், அதாவது லேப் வழிகாட்டியின், புராஜெக்டிலிருந்து வரவில்லை, திட்டத்திலிருந்து வந்தது. ஆகவே 'செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏன் லேப்பில் இல்லை?' என்று கைடு கேட்க முடியவில்லை. நம் ஊரில் என் நண்பர் ஒருவர் பக்கத்துக் கல்லூரியில் வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பெடுக்க அனுமதி கேட்டார். 'அதுக்கா உன்னை எடுத்தேன்?' என்றார் கைடு. அவர் மேலும் முழுத் தப்பு இல்லை, புராஜெக்ட் முடிய எட்டு மாதம்தான் இருந்தது. விதியில் இல்லாத நேரத்தை யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

'ஆராய்ச்சி கெட்டுப்போகும்' என்பவர்களுக்கு 2011-ல் சயின்ஸ் இதழில் வந்த இரண்டு கட்டுரைகளைக் காட்ட விரும்புகிறேன். ஒன்று, முதுநிலை ஆராய்ச்சி மாணவர்கள் 95 பேரைப் பற்றியது. ஆராய்ச்சி மட்டும் செய்தவர்களைவிட, ஆராய்ச்சியோடு வகுப்பும் எடுத்தவர்கள், சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோளை உருவாக்குவதிலும் பரிசோதனையை வடிவமைப்பதிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். தெரியாதவருக்கு விளக்கப் போனால்தானே நம் ஓட்டை நமக்குத் தெரிகிறது.

இன்னொன்று நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனின் குழு செய்தது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். முதலாண்டு இயற்பியலில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 270 பேர். ஒன்றில் மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலிப் பேராசிரியர் வழக்கம்போல விரிவுரை நடத்தினார். மற்றதில் கற்பித்தல் ஆய்வுகளின்படி பயிற்சி பெற்ற ஒரு போஸ்ட் டாக், மாணவர்களைப் பேசவைத்து, கணக்குப் போடவைத்து ஒரு வாரம் நடத்தினார். அந்தப் பகுதியில் வைத்த தேர்வில் பேராசிரியரின் பிரிவுக்குச் சராசரி 41 சதவீதம், போஸ்ட் டாக்கின் பிரிவுக்கு 74. 'அனுபவம் வந்தால் தானாகக் கற்பித்தல் வந்துவிடும்' என்று சொல்லும் சீனியர்கள் இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

சரி, இங்கே என்ன நடக்கிறது? 2018 பட்ஜெட்டில் பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பை அறிவித்தபோதே, வாரத்துக்குச் சில மணி நேரம் உயர்கல்வி நிறுவனங்களில் வகுப்பெடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துதான் வந்தது. நல்ல யோசனை, ஆனால் அது பிஎச்.டி. மாணவர்களுக்கு. டேர் என்ற திட்டம் எதிர்த்திசையில் போகிறது. கல்லூரி ஆசிரியர் மூன்று வருடம், இடையிடையே ஐஐடி போன்ற இடத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்யலாம். ஆராய்ச்சிப் பணம் ஆண்டுக்கு 5 லட்சம், இரண்டு நிறுவனங்களுக்கும் பாதிப் பாதி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற தேசிய போஸ்ட் டாக் ஃபெல்லோஷிப் மட்டும் இரண்டே வருடம், முழுக்க ஆராய்ச்சி. ஆசிரியர் வேலைக்கு ஆறு மாதத் தொலைவில் இருப்பவர் அவர்தான்.

காரைக்குடியைப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் அழகப்பா அரசுக் கலைக் கல்லூரி, அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி. பேட்டரியில் ஆராய்ச்சி செய்யும் போஸ்ட் டாக் ஒருவர் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்கு மின்வேதியியல் எடுக்கப் பஸ் பிடித்து வெளியூர் போக வேண்டியதில்லை. துவாக்குடியில் என்.ஐ.டி.யும் அரசுக் கலைக் கல்லூரியும் இருப்பதும் அப்படித்தான். வங்காளத்திலிருந்து வந்த போஸ்ட் டாக் தமிழ்வழி மாணவருக்கு எப்படி எடுப்பார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவருக்குப் பிராக்டிகல் கொடுக்கலாம், எம்.எஸ்சி. கொடுக்கலாம்.

உண்மையான பயம் வேறு. இது மலிவு ஆள் பிடிக்கும் வழியாகிவிடும். நிரந்தரப் பணி இல்லாமல் வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் கதை நமக்குத் தெரியும். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-லேயே சொல்லியும், தமிழ்நாட்டில் 20,000-லிருந்து 25,000-க்கு ஏறவே போராட வேண்டியிருந்தது. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் 'அதான் போஸ்ட் டாக் வர்றாரே' என்று எந்தக் கல்லூரி முதல்வரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. ஒரு செமஸ்டருக்கு ஒரே பாடம், அந்தக் கல்லூரியின் நிரந்தர ஆசிரியரோடு சேர்ந்துதான், இன்விஜிலேஷன், அட்மிஷன் டியூட்டி கிடையாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஃபெல்லோஷிப் காலமும் மூன்று வருடமாக வேண்டும். இரண்டு வருடத்தில் கால் பங்கை எடுத்தால் பேப்பர் வராது, பேப்பர் வராவிட்டால் வேலை வராது. இந்த நிபந்தனைகள் இல்லாமல் திட்டம் வந்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

அப்புறம், யுஜிசியின் 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் மதிப்பெண் அட்டவணையைப் பாருங்கள். கற்பித்தல் அனுபவமும் போஸ்ட் டாக் அனுபவமும் ஒரே வரியில்தான் இருக்கின்றன. வருடத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. இரண்டையும் சேர்த்துச் செய்தவருக்கென்று அதில் தனியாக எதுவும் இல்லை. ஃபெல்லோஷிப்பை மாற்றப் பணம் வேண்டும், காலமாகும். இந்த அட்டவணையில் ஒரு வரி சேர்க்க அதெல்லாம் வேண்டாம், அதிலிருந்தே தொடங்கலாம்.