ஆற்றுப் பக்கம் யார் போகச் சொன்னது?

ஆற்றோரத்தில் இருக்கும் எங்களுக்கு வெள்ள இழப்பீடு தருவது பற்றிப் பேசிய அந்தக் கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஆற்றங்கரையில் வீட்டைக் கட்டிக்கொண்டு வெள்ளம் வந்துவிட்டது என்று அழுதால் எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார், அரங்கமே கைதட்டுகிறது. தட்டியவர்களில் ஒருவர் போன கோடையில் எங்கள் கரையில் நின்று படம் எடுத்து, 'சொர்க்கம்' என்று போட்டவர். சரி, இருக்கட்டும்.

நான் சொல்வது ஒன்றுதான். ஆறு எங்கள் வாசலில் ஓடுகிறது, அதற்காக வெள்ளம் மொத்தமும் எங்களால் வந்தது ஆகிவிடாது. மேலே இருக்கிற நகரத்தில் வயலும் புதருமாகக் கிடந்த இடமெல்லாம் இன்று தாரும் கான்கிரீட்டும். மண்ணில் இறங்க வேண்டிய மழை வடிகால் வழியே நேரே ஆற்றில் விழுகிறது. மழை என்னவோ அதே மழைதான். தண்ணீர் முன்பைவிட வேகமாக வருகிறது, உயரமாகவும் வருகிறது. போதாக்குறைக்கு, பரந்து ஓடிய ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கரை எழுப்பி ஒடுக்கியாயிற்று. நகரம் தப்பித்தது. மிச்சத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்தது.

"தெரிந்துதானே வாங்கினீர்கள்?" என்பார்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதான் இந்த உயரத்துக்கு வெள்ளம் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்பாவும் நம்பினார். அது வருடா வருடம் 1 சதவீத வாய்ப்பு என்பதை யாரும் சொல்லவில்லை. 30 வருடக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அப்படி வந்துவிட 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதைப் பத்திரத்தில் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

காப்பீடு எடுக்கவில்லையா என்கிறவர்கள், ஆற்றோர வீட்டுக்கு பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

"காலி செய்துவிட்டுப் போகலாமே?" போகலாம். நெதர்லாந்தில் 1995 வெள்ள அபாயத்தின்போது சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். அதன்பிறகு 30க்கும் மேற்பட்ட இடங்களில் கரையைத் தள்ளி வைத்தும் வேறு வழிகளிலும் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். ஓவர்டீப் என்ற இடத்தில் மேடு எழுப்பி அதன்மேல் குடியேறலாம் என்ற யோசனையைச் சொன்னதே அங்கிருந்த விவசாயிகள்தான். அவர்களிடம் கேட்டார்கள். எங்களிடம் யார் கேட்டார்கள்? கிராமத்துத் திட்டம் என்றால் நாங்கள் நகரத்துக்குப் பக்கம், நகரத்துத் திட்டம் என்றால் எல்லைக்கு வெளியே. இரண்டு ஊருக்கும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் படுவோம்.

அன்று இரவு அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். அவர் கேட்டது ஒரே கேள்வி, "கீழே அப்பா படம் இருக்கே?" அதை எடுக்க முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தேடினால் சேற்றுக்குள் கிடந்தது. ஆற்றுச் சேறு எப்படி மணக்கும் என்று பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரியும். இது சாக்கடை நாற்றம். எங்கள் ஊரில் அவ்வளவு சாக்கடையே கிடையாது.

இழப்பீட்டைப் பிச்சை என்று பேசியதுதான் பொறுக்கவில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறவர்கள் தாராளமாக நட்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். கூடம் இன்னும் பாதிதான் கழுவியிருக்கிறது, பதில் எழுத நேரமாகும்.