குறை சொல்ல முடியாத ஊரில் யாரும் குறை சொல்லவில்லை

துர்க்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத்தைச் சுற்றிக் காட்டி ஒரு தமிழ்த் தம்பி போட்ட பயண வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை மறுத்து நான் போட்ட கமெண்டுக்கு அந்தத் தம்பி போட்ட பதிலையும் அதன் கீழே குவிந்த சிரிப்பு பொம்மைகளையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணா, நான் நேர்ல பார்த்ததைச் சொல்றேன். நீங்க எங்கேயோ படிச்சதைச் சொல்றீங்க" என்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார், அதை மறுக்கவில்லை. அவர் நேரில் என்ன பார்த்தார் என்பதுதான் என் கேள்வி.

வெள்ளைப் பளிங்குக் கட்டடங்களைப் பார்த்தார். 2013-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சங்கதி அது. ஒரே நகரத்தில் 543 கட்டடங்கள், மொத்தம் 45 லட்சம் சதுர மீட்டர் பளிங்கு. பருந்து வடிவ விமான நிலையத்தைப் பார்த்தார். பாறை உச்சியில் தங்க முலாம் பூசிய குதிரைமேல் முன்னாள் அதிபர் குர்பான்குலி பெர்திமுகமதோவ் உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்த்தார். ஆளே இல்லாத அகலமான சாலைகள், ஒரு காகிதத் துண்டுகூட இல்லாத நடைபாதைகள். எல்லாம் இருக்கிறது, அவர் பொய் சொல்லவில்லை. வீடியோ முடியும் இடத்தில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, "இங்க மக்கள் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, ஒருத்தர்கூட அரசாங்கத்தைக் குறை சொல்லல" என்றாரே, அந்த ஒரு வரிதான் என்னைச் சுட்டது.

துர்க்மெனிஸ்தானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஏஜென்சி மூலம் அழைப்புக் கடிதம் வாங்கி, கூடவே ஒரு வழிகாட்டியோடுதான் சுற்றுவார்கள். அந்த வழிகாட்டி வீடியோ முழுக்க அவர் பக்கத்திலேயே இருக்கிறார், நீங்களே பாருங்கள். அந்த ஆளையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் அவர் நிற்க, கேமரா ஓட, ஒரு கடைக்காரம்மாவிடம் "வாழ்க்கை எப்படி இருக்கு" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கலெக்டர் வரும் நாளில் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வாத்தியார் அடிக்கவே மாட்டார் போல என்று எழுதுவதா?

ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை என்பது அந்த நாட்டில் எதற்கும் சாட்சி ஆகாது. அங்கே குறை சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு அஷ்காபாத் வந்திருந்தது. எங்கள் நாட்டில் ஒருவருக்குக்கூட கொரோனா இல்லை என்று அரசு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்தக் குழுவினர் ஓட்டலில் இருப்பது தெரியும் ஒரு படத்தை நுர்கெல்தி ஹலிகோவ் என்ற இளைஞர் வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஒரு செய்தித்தளத்துக்கு அனுப்பினார். ஒரே ஒரு படம். கைது செய்தார்கள். வழக்கு மோசடி என்று போடப்பட்டது. தண்டனை நான்கு வருடம். நம் தம்பி அந்த ஊரில் எத்தனை படம் எடுத்திருப்பார்?

பருத்தி வயலில் கட்டாய வேலை நடப்பதை வெளியே சொன்ன காஸ்பர் மத்தலாயேவ் 2016-இல் கைதானார். மூன்று வருடம் உள்ளே. வெளியுறவு அமைச்சராக இருந்து பிறகு எதிர்த்துப் பேசிய போரிஸ் ஷிக்முராதோவ் 2002 டிசம்பரில் கைதானார். தொலைக்காட்சியில் ஒப்புதல் வாக்குமூலம் வாசிக்க வைத்தார்கள். ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதை அவர் மனைவிக்குக்கூட அந்த அரசு சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்படிச் சிறைக்குள் காணாமல் போனவர்களின் பட்டியல் நூறு பேரைத் தாண்டும். இது நடக்கும் நாட்டில் குறை சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்று நாம் வீடியோ போடுகிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என்னை நெடுநாளாகப் பின்தொடர்பவர்களுக்கு நான் இஸ்தான்புல்லில் வேலை பார்த்தது தெரியும். திருப்பூரிலிருந்து பனியன் வேலையாகப் போனவன் நான். எங்கள் மாடிக்கு மேல் மாடியில் ஒரு வயதான துருக்கியப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு துர்க்மென் அக்கா இருந்தார். சொந்த ஊர் மாரி மாகாணத்தில் ஒரு கிராமம். மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர். என் அரைகுறைத் துருக்கி மொழியைத் திருத்துவதே அவருக்குப் பொழுதுபோக்கு. ஊருக்கு ஐமோ என்ற செயலியில்தான் பேசுவார். வாட்ஸப் அங்கே முடக்கம், ஐமோவுக்கும் விபிஎன் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில் அறுந்துபோகும். பேசும்போது கவனித்திருக்கிறேன். சாப்பிட்டியா, மழையா, வெயிலா. ரொட்டி கிடைக்கிறதா என்று கேட்க மாட்டார். அம்மாவும் சொல்ல மாட்டார்.

அவருடைய பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது. அப்போது தூதரகத்தில் புதுப்பித்துத் தரமாட்டார்கள், ஊருக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. போனால் திரும்ப விமானம் ஏற விடுவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விமான நிலையத்தில் காரணம் சொல்லாமல் இறக்கிவிடுவது அங்கே வழக்கம். போதாததற்கு 2022 செப்டம்பரில் துருக்கி, துர்க்மென்காரர்களுக்கு விசா வேண்டும் என்று மாற்றியது. அதைக் கேட்டுக்கொண்டதே துர்க்மென் அரசுதான். சொந்த மக்கள் வெளியே போய்ப் பிழைப்பதைத் தடுக்க ஓர் அரசு இன்னொரு அரசிடம் கோரிக்கை வைத்தது.

அந்த அக்காவின் அம்மா இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. அந்த வாரம் முழுக்க லைன் கிடைக்கவில்லை. மறுநாள் பிஷ்மே என்று அவர்கள் ஊர் வழக்கப்படி எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளைத் தட்டில் வைத்து ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு, யார் மேல் கோபம் அக்கா உங்களுக்கு என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. முதலில் போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகும் சொல்லவில்லை. இஸ்தான்புல்லில், நான்காவது மாடியில், ஒரு தமிழன் முன்னால்! தன் நாட்டு அதிபரின் பெயரை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரே சொல்லாததை அஷ்காபாத் தெருவில் வழிகாட்டி பக்கத்தில் நிற்க உங்களிடம் யார் தம்பி சொல்வார்கள்?

"இதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா பரப்புற கதை" என்று வந்தவர்கள்தான் அதிகம். நேராகவே பதில் சொல்கிறேன். அமெரிக்கா ஈராக்கில் செய்தது எனக்கும் தெரியும், அதற்கு நான் எழுதியதும் இதே பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் அஷ்காபாத்தின் அந்தப் பளிங்கு மாளிகைகளில் பலவற்றைக் கட்டியது யார்? புய்க் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. பணம் வருகிறவரை ஐரோப்பாவுக்கும் அந்த ஆட்சியோடு எந்தச் சண்டையும் இருந்ததில்லை. அங்கே நடப்பதை வெளியே சொன்னவர்கள் துர்க்மென்காரர்கள். மத்தலாயேவ் துர்க்மென், ஹலிகோவ் துர்க்மென், என் மேல் மாடி அக்கா துர்க்மென். அவர்கள் சொன்னால் பிரச்சாரம், மூன்று நாள் போய்விட்டு வந்தவர் சொன்னால் உண்மை என்பது என்ன நியாயம்?

"கரண்ட், கேஸ், தண்ணி எல்லாம் ஃப்ரீயாமே" என்று கேட்டவருக்கு: 1993-இல் ஆரம்பித்தது உண்மை. 2019 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள் என்பதும் உண்மை. உலகிலேயே நான்காவது பெரிய எரிவாயு இருப்பு உள்ள நாடு அது. அங்கே மக்கள் மானிய விலை மாவுக்கும் எண்ணெய்க்கும் விடியற்காலையிலிருந்து கியூவில் நிற்கிறார்கள். டாலருக்கு 3.5 மனாத் என்று 2015-இலிருந்து அரசு எழுதி வைத்திருக்கிறது, கறுப்புச் சந்தையில் அதைப் போலப் பல மடங்கு. ரொட்டிக்கு மக்கள் வரிசையில் நின்ற 2020-இல்தான் தலைநகரில் ஒரு நாய்க்குத் தங்க முலாம் பூசிய சிலை திறந்தார் அப்போது அதிபராக இருந்த பெர்திமுகமதோவ்.

"ட்ராவல் வீடியோல அரசியல் எதுக்கு" என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவர் கட்டடத்தை மட்டும் காட்டியிருந்தால் நான் லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன். மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அரசைக் குறை சொல்லவில்லை என்றது அவர்தான். அரசியலை ஆரம்பித்தது நான் இல்லை.

"நம்ம நாட்டுல மட்டும் என்ன வாழுதாம்" என்று கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை. இங்கே தப்பு நடந்தால் இங்கே கேட்போம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

உண்மையில் என்னைப் புண்படுத்தியது அந்தத் தம்பிகூட இல்லை. "நமக்கும் இப்படி ஒரு ஆள் வேணும் ப்ரோ, அப்பதான் நாடு திருந்தும்" என்ற கமெண்டுக்கு விழுந்திருக்கும் லைக்குகள். அதில் என் நண்பர்கள், எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்கு அந்த ஆள் வேண்டுமா? அங்கே இருந்த முதல் ஆள், அந்நாட்டின் முதல் அதிபர் நியாசோவ், ஜனவரி மாதத்துக்குத் தன் பட்டத்தையும் ஏப்ரலுக்குத் தன் அம்மா பெயரையும் வைத்தார். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பற்றி வந்த வீடியோக்கள் எல்லாம் சிரிக்க வைக்கத்தான் வந்தன. அதே ஆள்தான் 2004-இல் பதினைந்தாயிரம் மருத்துவப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் இடத்தில் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பையன்களை நிறுத்தினார். 2005-இல் தலைநகருக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளை மூடச் சொன்னார். 2006-இல் சுமார் ஒரு லட்சம் முதியவர்களின் ஓய்வூதியத்தை வெட்டினார். உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஜில்லா ஆஸ்பத்திரி மூடிக் கிடந்து, தலைநகருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில் இந்த லைக் உங்களுக்கு ஞாபகம் வருமா? அதைக் குறை சொல்லக்கூட முடியாமல் நிற்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். நம்மிடம் துணி வாங்கும் பெரிய பையர்கள் (buyers) பலர் ஆர்டர் கொடுக்கும்போது துர்க்மெனிஸ்தான் பருத்தி கலக்கவில்லை என்று எழுதி வாங்குகிறார்கள். ஏனென்றால் அறுவடைக் காலத்தில் அங்கே ஆசிரியர்களையும் மற்ற அரசு ஊழியர்களையும் வயலுக்கு அனுப்புகிறார்கள். போக முடியாதவர் தன் சம்பளத்திலிருந்து காசு கொடுத்து வேறு ஆளை அனுப்ப வேண்டும். 2018-இல் அமெரிக்கா அந்தப் பருத்தியை உள்ளே விடாமல் தடுத்தது. இது எங்கேயோ படித்தது இல்லை தம்பி. கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

கடைசியாக சோல்தான் அச்சிலோவா. எழுபதைத் தாண்டிய பாட்டி, அஷ்காபாத்தில் இருந்துகொண்டே ரொட்டிக் கியூவையும் இடிக்கப்பட்ட வீடுகளையும் படம் எடுத்து வெளியே அனுப்புகிறவர். 2023 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு மனித உரிமை விருது நிகழ்ச்சிக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய பாஸ்போர்ட்டை ஈரத் துணியால் நனைத்து, சேதமாகிவிட்டது, போக முடியாது என்று திருப்பி அனுப்பினார். 2024-இல் மறுபடி கிளம்பினார். தொற்றுநோய் இருக்கலாம் என்று சொல்லி மருத்துவமனையில் கொண்டுபோய் அடைத்தார்கள். நீங்களும் அதே ஊரில்தான் கேமராவோடு நடந்தீர்கள். நேரில் பார்த்தவர் என்றால் அந்தப் பாட்டியும் நேரில் பார்த்தவர்தானே? உங்களை ஏர்போர்ட்டில் சிரித்து வழியனுப்பியிருப்பார்கள்.

வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. யாரும் போய் அவரைத் திட்டவும் வேண்டாம், என் பெயரைச் சொல்லித் திட்டினால் நான் பிளாக் செய்வேன். அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிடுங்கள் தம்பி, அது போதும். பளிங்கு அப்படியே இருக்கட்டும்.