சீனப் பெருநாளைப் பார்க்க தெலுக் இந்தானுக்கு வாருங்கள்

சீனப் பெருநாள், அதாவது சீனப் புத்தாண்டு, நெருங்கினாலே போதும், கோலாலம்பூரில் எந்தப் பேரங்காடியின் அலங்காரம் பெரிது என்ற படங்கள்தான் முகநூல் முழுக்க. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் பெருநாளைக் காட்ட வேண்டும் என்றால் அங்கே போகாதீர்கள். சின்னப் பட்டணங்களுக்குப் போங்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான். சாயங்காலம் காற்று வாங்கச் சாய்ந்த கோபுரத்துப் பக்கம் போவோம். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கட்டியது. வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். இளகிய மண்ணும் மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரமும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. அப்புறம் சீ சியோங் ஃபன் என்ற அரிசி மாவுச் சுருள். மற்ற ஊர்களில் குழம்பு ஊற்றித் தருவார்கள். இங்கே செங்குவாங் கிழங்கு, காய்ந்த இறால் எல்லாம் உள்ளே வைத்துச் சுருட்டி, ஊறுகாய்ப் பச்சை மிளகாயோடு கொடுப்பார்கள். பெருநாள் முதல் இரண்டு மூன்று நாள் பல கடைகள் பூட்டியிருக்கும். முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ஹொக்கியன் மொழி பேசும் சீனர். பெருநாளுக்கு முன்பே பின்கட்டில் கரி அடுப்பு மூட்டி கூவே காப்பிட் என்ற மெல்லிய மொறுமொறு பலகாரம் சுடுவார். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி கரைத்த மாவை இரும்பு அச்சில் ஊற்றி, மூடி, நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அச்சைத் திறந்ததும் நாலாக மடித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் விறைத்து உடைந்துவிடும். அவருடைய விரல் நுனிகள் சிவந்திருக்கும். உடைந்த துண்டுகளெல்லாம் எங்களுக்குத்தான்.

அவர் வீட்டுக்குப் போகும்போது ஆரஞ்சு இரண்டு கொண்டுபோவோம். கிளம்பும்போது அவரும் இரண்டு தருவார். சீனர்கள் பேசும் கான்டனீஸ் மொழியில் ஆரஞ்சின் பெயரும் தங்கத்தின் பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கும். "மக்கான், மக்கான்" (மலாயில் 'சாப்பிடு') என்று தட்டை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். கருணைத் தெய்வமான குவான் யின் அம்மனைக் கும்பிடுவதால் அவர் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. அதனால் என் அம்மாவும் அங்கே தயங்காமல் கை நனைப்பார்.

பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில்தான் ஹொக்கியன் மக்களின் பெரிய பூசை. விடிந்தால் ஒன்பதாம் நாள், வானத்து ராஜாவின் பிறந்தநாள். முன்னோர்கள் எதிரிகளுக்குத் தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள் என்று ஆன்ட்டி சொல்வார். அந்த நன்றிக்காக, வேரோடும் இலையோடும் முழுக் கரும்புகளைப் படையல் மேசையின் இரு பக்கமும் கட்டுவார்கள். ஹொக்கியனில் கரும்புக்கும் நன்றிக்கும் சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொங்கலுக்குக் கரும்பு கட்டும் நமக்கு அதைப் பார்த்ததும் மனசு நெகிழ்ந்துவிடும்.

2025-இல் பிப்ரவரி 11 தைப்பூசம், மறுநாளே சீனப் பெருநாளின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே. ஏறக்குறைய ஒரே பௌர்ணமி. பினாங்குத் தைப்பூசத்தில் சீனர்கள் தேருக்கு முன் தேங்காய் உடைக்கிறார்கள். சிவப்பு உறையில் பணம் தரும் அவர்களுடைய அங் பாவ் வழக்கத்தைப் பார்த்துத்தான் நாமும் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கப் பழகினோம். இதெல்லாம் யாரும் மேடை போட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்கு வீடு போய்வந்ததால் வந்தது.

அதனால்தான் கேட்கிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளில் தனித்தனியாகப் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையும் இல்லையென்றால் அவர்கள் எங்கே போய்ப் பழகுவார்கள்? அழைப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். முறுக்கு டப்பாவோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.

இந்த முறை எட்டாம் நாள் இரவு என் மகனையும் கூட்டிப் போகிறேன். கரும்பை அவன்தான் தூக்கி வர வேண்டும் என்று ஆன்ட்டி இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.