போதகரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவா?

"நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற வசனம் சபைகளில் படும் பாடு கொஞ்சமல்ல. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் அந்த வசனம். பிரசங்கத்தில் சொன்னது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டாலும் அதே வசனம். சரி, 105ஆம் சங்கீதத்தைத் திறந்து, அதற்கு முன்னால் உள்ள மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ராஜ்யம் விட்டு ராஜ்யம் அலைந்த காலத்தைப் பற்றிய பாட்டு அது. அவர்கள்மேல் கை வைக்காதே என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையை வைத்தே, மேடையில் இருப்பவர் கீழே உட்கார்ந்திருப்பவரின் வாயை அடைக்கிறார்!

ராஜாவாகிய தாவீதும் அபிஷேகம் பெற்றவர்தான். அவர் பாவம் செய்தபோது, தீர்க்கதரிசியாகிய நாத்தான் நேரே போய், "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார், அதுவும் எல்லாருக்கும் முன்பாக. பேதுருவின் இரண்டாம் நிருபமோ பவுலைப் பிரியமான சகோதரன் என்கிறது. நம்பத்தக்க ஊழியரா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது இதைத்தான். தன்னைக் கண்டித்தவரைப் பற்றி அவர் பிறகு எப்படிப் பேசுகிறார்? சபையை விட்டுப் போன குடும்பத்தின் பெயர் பேச்சில் வரும்போது அவர் குரல் எப்படி மாறுகிறது? யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். முதன்மையாயிருக்க விரும்புகிறவர். சகோதரரை அவரும் ஏற்றுக்கொள்ளமாட்டார், ஏற்றுக்கொள்கிறவர்களையும் சபைக்குப் புறம்பாக்குவார். சின்ன நிருபம், ஆனால் ஆளைப் பிடித்துவிட்டது.

நாம் பெரும்பாலும் பார்ப்பது வேறு. குரல், கூட்டம், அற்புதம். கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, இருக்கவேண்டிய தகுதிகளைத் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. திறமை என்று சொல்லத்தக்கது, போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் தெரிந்தவன், என்பது மட்டும். மற்றபடி பண ஆசை இல்லாதவன், சண்டைபண்ணாதவன், அந்நியரை உபசரிக்கிறவன், தன் வீட்டை நன்றாய் நடத்துகிறவன், வெளியில் இருப்பவர்களிடம் நற்சாட்சி பெற்றவன் என்று போகிறது பட்டியல். இதில் எதையும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்க்கவேண்டும். யூடியூபில் மட்டும் பார்த்து ஒருவரை 'என் ஆவிக்குரிய தகப்பன்' என்று சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

ஆதிச் சபையார் இதில் நம்மைவிட விவரமானவர்கள். 'டிடாக்கே' என்ற பழைய கிறிஸ்தவக் கையேடு ஒன்று உண்டு. கையெழுத்துப் பிரதியாக 1873இல் கிடைத்து, 1883இல் அச்சானது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலரைக் கர்த்தரைப் போலவே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது அது. அப்புறம் உடனே, மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி, புறப்படும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. உபசரிப்பும் உஷாரும் பக்கத்து வரிகளிலேயே இருக்கின்றன.

பண விஷயத்தில் பவுலே தன்னை நம்புங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைக் கொண்டுபோக, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணத்தையும் எழுதிவைத்தார். 1948இல் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடும் இந்த வழியில் வந்ததுதான். கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதில்லை என்பதும் அதில் ஒன்று. இதைக் கேட்டால் நெளியக்கூடிய சிலரை நம் எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் சொன்னதால், எல்லா போதகர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று பேசித் திரிகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். அவர்கள் வேலை சுலபம், யாரையும் அறிந்துகொள்ள வேண்டிய சிரமம் இல்லை. சபையை நடத்தும் ஒரு மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்றும் அதே தீமோத்தேயு நிருபம் சொல்கிறது. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு சாட்சி ஆகாது. ஆனால் குற்றம் உறுதியானால் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கச் சொல்வது அடுத்த வசனம். மூடி மறைக்க அங்கே இடமே இல்லை.

அந்த நிருபத்தின் அதே அதிகாரத்திலேயே, சபையை நன்றாய் விசாரித்து நடத்துகிற மூப்பரை இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரர் என்று சொன்ன கையோடு, போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே, வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று பவுல் எழுதுகிறார். ஆக, கனம் என்பதில் சம்பளமும் சேர்த்தி. மேடையில் புகழ்ந்து பேசிவிட்டு, 'ஊழியர் விசுவாசத்தில் வாழவேண்டும்' என்று மாதச் சம்பளத்தை இழுத்தடிக்கும் சபைகள் உண்டு. போதகரின் மனைவியைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக நடத்துகிறவர்களும் உண்டு. நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, காலையில் அடக்க ஆராதனையும் நடத்துகிற மனிதருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க யோசிக்கிறோம். இதையெல்லாம் நேர்மையான போதகர் தானாகக் கேட்கமாட்டார், கூச்சப்படுவார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நாம்தான் எடுத்துப் பேசவேண்டும், அதுவும் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு.